ரயிலோடு போன சாவி

குரோம்பேட்டையில் மின்சார ரயில் கிளம்பிய பிறகுதான், வீட்டுச் சாவி தன் பையிலேயே இருப்பது காந்தாவுக்கு நினைவு வந்தது. வழியனுப்ப வந்த தங்கை ஜெயக்கொடி பிளாட்பாரத்தில் நின்றிருந்தாள். மாநிலக் கபடி அணிக்குத் தேர்வாகியிருந்த பெண்.

"ஜெயா, பிடிச்சுக்கோ" என்று காந்தா சாவிக்கொத்தை அவளுக்கு நேராக வீசினாள். வண்டியின் வேகமும் சேர்ந்துகொள்ள, அது முன்னால் பறந்தது. பிடிக்க ஓடிய ஜெயக்கொடி தடுக்கி விழுந்தாள். முழங்கால் எலும்பு நொறுங்கிவிட்டது. அதன்பிறகு அவள் ஆடவே இல்லை.

ஓடும் ரயிலிலிருந்து எறியும் பொருள் ரயிலின் வேகத்தோடே போகும் என்று, முந்தின நாள்தான் காந்தா கல்லூரியில் பாடம் நடத்தியிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஜெயக்கொடி, "விடுக்கா, நான்தான் லேட்டா ஓடினேன்" என்றாள்.