கல்லில் ஏறிய வரி

தம்பி மகள் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பத்துப் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு எங்கள் தெருக்களைச் சுற்றுகிறாள். ‘இலக்கிய நடை’யாம். வாய்க்கு முன்னால் ஒரு மைக், இடுப்பில் ஒரு ஒலிபெருக்கிப் பெட்டி. செத்துப்போன எழுத்தாளர்கள் எங்கே குடியிருந்தார்கள், எங்கே நின்று தும்மினார்கள் என்று காட்டுவாள். அந்தத் தும்மல்களுக்கெல்லாம் முப்பது வருஷம் ப்ரூஃப் பார்த்தவள் நான். என்னை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. இந்த வாரம் நானே வருகிறேன், ஒரு விஷயம் சொல்லவேண்டியிருக்கிறது என்றேன்.

காரணம் ஒரு கல். நான் வேலை பார்த்த பழைய அச்சகத்தின் சுவரில், நாங்கள் ‘பெரியவர்’ என்று கூப்பிட்ட எழுத்தாளருடைய நாவல் முடிகிற இடத்தைச் செதுக்கிப் பதித்திருக்கிறார்கள்.

‘கதவு மூடியது. மூடியது கதவு மட்டும் அல்ல.’

இதில் இரண்டாவது வாக்கியம் நான் எழுதியது. முப்பத்தெட்டு வருஷமாக வாயைத் திறக்கவில்லை. இன்று அந்தக் கல்லின் முன்னால் நின்று சொல்லிவிடுவது என்றுதான் கிளம்பினேன்.

வந்திருந்த கூட்டத்தை ஒரு நோட்டம் விட்டேன். ஒரு ஜோடி, பார்ப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் படம் எடுத்தது. ஒரு பேராசிரியர், கேட்காத கேள்விக்கெல்லாம் தலையாட்டினார். பின்னால் ஒருவர் ரப்பர் செருப்பும் கையில் கடலைப் பொட்டலமுமாக வந்தார். சர்க்கரைக்கு நடக்கச் சொல்லியிருப்பார்கள், தெரியாமல் இதில் வந்து சேர்ந்துகொண்டார் என்று நினைத்தேன்.

ஒரு விளக்குக் கம்பத்தடியில் தம்பி மகள் நின்றாள். “இந்த வெளிச்சத்துலதான் கவிஞர் விடிய விடிய எழுதுவாராம்.” அந்தக் கம்பத்தை நட்டபோது கவிஞர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். அடுத்த தெருவில் ஒரு சின்ன ஜன்னலைக் காட்டி, பெரியவர் அங்கே உட்கார்ந்துதான் உலகத்தைப் பார்த்தார் என்றாள். உட்கார்ந்தது உண்மை. அது கக்கூஸ் ஜன்னல். எல்லோரும் வாயில் ஈ போவது தெரியாமல் அண்ணாந்து பார்த்தார்கள்.

பெரியவரை எனக்குத் தெரியும். தன் புத்தகத்தின் ப்ரூஃபைத் தானே படிக்காத மனிதர். “நீ பாத்தா போதும்மா” என்பார், என்னவோ எனக்கு வரம் கொடுக்கிற மாதிரி. அந்த நாவலை அவர் கையால் எழுதியதில் கடைசித் தாள் அச்சுக்கோக்க வந்தபோது அவர் வெளியூரில் மாலை வாங்கிக்கொண்டிருந்தார். எங்கள் மேனேஜர் தண்ணீர் டம்ளரை அந்தத் தாளின் மேல் வைத்துவிட்டார். ‘கதவு மூடியது’ வரைக்கும் தெரிந்தது. அதன் கீழே மை கரைந்து நீலமாக ஒரு வட்டம்தான். மெஷின் காத்திருந்தது. “ஏதாவது ஒரு வரி போட்டு முடிம்மா, அவருக்கா தெரியப்போகுது” என்றார் மேனேஜர். போட்டேன்.

அவருக்குத் தெரியவில்லை. புத்தகம் வந்து, அந்த வரிக்காகவே மேடை மேடையாக அவரைப் புகழ்ந்தபோது, கொஞ்சம்கூடக் கூசாமல் கைகூப்பினார். அன்று விட்டுப்போனது எனக்கு எழுத்தாளர் ஜாதியின் மேலேயே இருந்த மரியாதை. எந்த எழுத்தாளர் அச்சகத்துக்குள் நெஞ்சை நிமிர்த்தி வந்தாலும், உங்கள் லட்சணம் தெரியாதா என்று மனதுக்குள் சிரித்துக்கொள்வேன். கல்யாணத்தில், மகன் வேலையில், எதில் தோற்றாலும் அந்த ஒரு வரி எனக்குள் இருந்தது.

கல்லுக்கு முன்னால் வந்து நின்றோம். தம்பி மகள் குரலைத் தழைத்து வரியைப் படித்தாள். படமெடுத்த பெண் கண்ணைத் துடைத்தாள். நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஓரடி முன்னால் வைத்தேன்.

“இந்த நாவலை நான் நாலு தடவ படிச்சிருக்கேங்க,” என்றார் கடலைக்காரர். “லிஃப்ட் ரிப்பேர் வேலை எனக்கு. காத்திருக்கிற நேரமெல்லாம் படிப்பேன். தப்பா நெனைக்காதீங்க, இந்த ரெண்டாவது வரி மட்டும் ஒட்டவே இல்ல.”

பேராசிரியர் அவரை ஒரு பார்வை பார்த்தார். அவர் கடலைத் தோலை ஊதிவிட்டுத் தொடர்ந்தார்.

“முந்நூறு பக்கம் அந்த மனுஷன் கதவைக் கதவுன்னுதான் சொல்றாரு. அழுகையை அழுகைன்னு சொல்றாரு. கடைசியில மட்டும் என்ன திடீர்னு தத்துவம்? கதவு மூடியது. அவ்வளவுதான், அதோட முடிஞ்சுபோச்சு. அவரு அங்கயே நிறுத்தியிருப்பாருங்க. வேற யாரோ கைவரிசைய காட்டுன மாதிரி இருக்கு.”

எனக்கு அந்தத் தாள் கண்முன்னால் வந்தது. ‘மூடியது’ என்பதற்குப் பக்கத்தில் ஒரு முற்றுப்புள்ளி இருந்தது. அழுத்தி வைத்த புள்ளி. வட்டத்துக்குள் கரைந்திருந்த நீலம் மேல்வரிகளிலிருந்து வழிந்த மையாகவும் இருந்திருக்கலாம்; அதன் கீழே அவர் ஒன்றுமே எழுதாமல் இருந்திருக்கலாம். ஊர் திரும்பியதும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் கேட்கவே இல்லை.

“அத்தை, ஏதோ சொல்லணும்னீங்களே,” என்று தம்பி மகள் மைக்கைக் கழற்றி என் வாய்க்கு நேராகப் பிடித்தாள். “இவங்க எங்க அத்தை. இந்த நாவலுக்கு ப்ரூஃப் பாத்தவங்களே இவங்கதான்.”

எல்லோரும் திரும்பினார்கள். கடலைக்காரர்தான் ரொம்ப ஆவலாகப் பார்த்தார்.

“அவரு எழுதுனத எழுதுனபடியே போட்டோம்,” என்றேன். “ஒரு எழுத்துகூட மாத்தல.”

இத்தனை வருஷம் பெரியவரிடமிருந்து பிடுங்கி வைத்திருந்த வரியை ஒரு நிமிஷத்தில் அவர் தலையிலேயே கட்டிவிட்டேன். பெட்டியில் என் குரல் தெரு முழுக்கக் கேட்டது.

“அப்ப சரிம்மா,” என்றார் கடலைக்காரர், உண்மையான வருத்தத்தோடு. “ஆனைக்கும் அடி சறுக்கும்.” பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார். நான் இரண்டு கடலை எடுத்துக்கொண்டேன்.