பொந்துக்குள் ஒருத்தி

மதிலோரத்து மரத்தை வெட்டியே தீருவேன் என்று தம்பி ஒற்றைக்காலில் நின்றான். அதன் பொந்துக்குள் பெண் இருவாச்சிப் பறவை தன்னைத்தானே அடைத்துக்கொண்டு, இறகுகளை உதிர்த்துவிட்டு அடைகாத்தது. விரிசல் வழியே ஆண் பறவைதான் இரை ஊட்டும். குஞ்சுகள் பறக்கும்வரை மரத்தைத் தொடாதே என்று அக்கா தடுத்தாள். தம்பி உண்டிவில்லால் அந்த ஆண் பறவையைக் கொன்றான்.

“இனி யாரு ஊட்டுவா? உள்ளயே கிடந்து சாகட்டும்.”

“நீயெல்லாம் மனுஷனாடா?”

அக்கா ஏணி சாத்தி ஏறி, விரிசலில் அத்திப்பழத்தை நீட்டினாள். அலகு பழத்தை விட்டுவிட்டு விரலைக் கவ்வியது. ரத்தம் வழிந்தது. கீழே தம்பி கைகொட்டிச் சிரித்தான்.

“கடிடி, நல்லா கடி. ஆனா தின்னுட்டுக் கடி!” என்றாள் அக்கா, பொந்துக்குள் பார்த்து.

அவள் வலியோடு அடுத்த பழத்தைத் திணித்தாள். அதை அலகு உள்ளே இழுத்துக்கொண்டது. தம்பியின் சிரிப்பு நின்றது.