ஆரைக்கீரைக்கு யார் கூலி கொடுப்பது

1

ராஜாராம் கோவிந்தம்மாளுக்குத் தரவேண்டியது இரண்டு ரூபாய் இருபத்தைந்து காசு. அவர் தரமாட்டேன் என்கிறார். இவளோ முதலில் அதைக் கேட்கவே இல்லை. [கேட்காத கடன் எப்படிக் கடனாகும்? அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.]

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குச் சாலவாக்கம் பக்கத்தில் களை எடுக்கும்போது கிடைத்தது. அடுத்த வரிசைக்காரி சொல்லச் சொல்ல, சிரிப்புத் தாங்காமல் நாற்றையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டேன். எழுத்து எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் வந்தது. பாடுபட்டு எழுதியதை அழிக்க மனசு வருவதில்லை. அடித்ததும் திருத்தியதும் அப்படியே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

"கார்த்திகை வானம் தன் கண்ணீரை..." (வேண்டாம். மழை பெய்தது, அவ்வளவுதான்.)

மூன்று நாள் மழை. உத்திரமேரூரிலிருந்து காய் வரவேண்டிய பஸ் வரவில்லை. எண்பத்திரண்டாம் வருஷம், சத்துணவுக்கூடம் திறந்து ஐந்தாவது மாதம். அமைப்பாளர் ஞானசுந்தரி காலிக் கூடையைப் பார்த்துக் கையைப் பிசைந்தார்.

"இதுக்குப் போயி இன்னா டீச்சர் பேஜாரு? ராஜாராம் நைனா கயனி பூரா ஆரக்கீரை* கீது. நுனியக் கிள்ளிக்கினு வந்துர்றேன்."

சொன்னவள் கோவிந்தம்மாள், அங்கே சமையல் உதவிக்கு இருப்பவள். அதற்கு முன் இருபத்தைந்து வருஷம் களை எடுத்தவள். மாதச் சம்பளம் என்பதை வாழ்நாளில் முதல்முறையாகக் கண்ணால் பார்த்திருக்கிறாள்.

[*ஒரு காம்பில் நான்கு இலை. மூன்று இருந்து புளித்தால் அது புளியாரை, வேறு. ஆரை பூக்காது, காய்க்காது. சேற்றிலிருந்து தளிர் சுருண்டு வரும். விலைக்கு யாரும் வாங்குவதில்லை. களை எடுப்பவள் மடியில் போட்டுக்கொண்டு போவதுதான் வழக்கம்.]

3

கிள்ளத்தான் குனிந்தாள். கை கேட்டால்தானே! இருபத்தைந்து வருஷப் பழக்கம், வேரோடுதான் பிடுங்கியது. ஆரையின் தண்டு சேற்றுக்குள் படர்ந்து ஓடும். ஒன்றை இழுத்தால் முழ நீளம் வந்தது. நுனி மடிக்கு, மிச்சம் வரப்புக்கு. அப்புறம் அடுத்தது, அதற்கடுத்தது... நிமிர்ந்து பார்த்தால் அந்தச் சின்ன வயலில் கால்வாசி துடைத்துவிட்டதுபோல் கிடந்தது.

அன்றைக்குச் சாம்பாரில் ஆரை. ராஜாராமின் மகள் சுலோச்சனா மூன்று தரம் கேட்டு வாங்கினாள். வீட்டில் போய்ச் சொல்லவும் செய்தாள்.

4

மனுஷன் குடையோடு வந்து நின்றார்.

"இன்னாடி கோவிந்தம்மா, கூலி குடுத்துப் புடுங்கிப் போடற களைய எம்பொண்ணுக்கு ஆக்கிப் போட்டியா? ஒன்றியத்துல மனு குடுக்கறேன். உன் வேல போச்சுன்னு வெச்சுக்கோ."

ஞானசுந்தரி மெதுவாகக் கேட்டார்: "களைன்னா, அவங்க உங்களுக்குக் களை எடுத்திருக்காங்க. அரை நாள் கூலி ரெண்டே கால் ரூபா ஆவுதே?"

"அப்ப கீரை! எங் கயனிக் கீரையத் திருடிட்டா!"

கோவிந்தம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். "கீரைன்னா பாப்பா துன்னதுல இன்னா தப்பு நைனா? வூட்ல உங்க அம்மாவுக்கு சக்கர நோவு, தண்ணி தாகம் அடங்கலன்னு நெழல்ல காய வெச்சுத் தூள் பண்ணிப் பால்ல குடுக்கறீங்களே. அத்தப் புடுங்கியாந்து குடுத்தது யாரு?"

5

ராஜாராம் தாள் வாங்கி உட்கார்ந்தார்.

"ஐயா, எனது வயலில் இருந்த களையை" — அடித்தார்.

"எனது வயலில் விளைந்த கீரையை" — அடித்தார்.

"எனது மகளுக்குப் பச்சையாக ஏதோ ஒரு" —

"பெரணின்னு எழுதுங்க," என்றார் ஞானசுந்தரி. "பூக்காத செடியாச்சே, புத்தகத்துல அந்த இனம்னுதான் போட்டிருக்கு."

"ஒன்றியத்துல எவனுக்கும்மா அது புரியும்?"

(இந்த இடத்தில் எனக்கு அவர்மேல் பாசமே வந்துவிட்டது. இதே கதைக்கு நான் ஏழு தாள் அடித்திருக்கிறேன்.)

6

முடிவு அ: மனு போகிறது. வேலையும் போகிறது. (ஊரில் நடக்கக்கூடியது இதுதான். அதனால்தான் எழுதக் கை வரவில்லை.)

முடிவு ஆ: ராஜாராம் மனம் திருந்தி, கண் கலங்கி... (நீங்கள் நம்பமாட்டீர்கள். நானும்தான்.)

முடிவு இ: ராஜாராம் எழுந்து போய் வயலைப் பார்த்தார். திரும்பி வரும்போது முகம் மாறியிருந்தது.

"மிச்ச முக்காவாசிலயும் கீரை கீது. நாளிக்கு வந்து எடுத்துக்கோ. வேரோட."

"கூலி, நைனா?"

"கீரைக்கு இன்னாத்துக்கு கூலி?"

"அப்ப இன்னிக்கு எடுத்தது?"

"அதுவும் கீரைதான்!"

"சரி நைனா. ரெண்டே கால் ரூபாய நான் வுட்டுட்டேன். 'கீரை, நான்தான் எடுத்துக்கச் சொன்னேன்'னு இந்தத் தாள்லயே எழுதிக் கையெழுத்து போட்டுக் குடுங்க."

அந்தத் தாள் டீச்சர் பெட்டியில் இருக்கும்வரை எந்த மனுவும் அவளை அசைக்காது. ராஜாராமுக்கு அது புரிந்துவிட்டது. பேனாவைப் பிடித்தபடி நிற்கிறார்.

போட்டாரா என்று என்னைக் கேட்காதீர்கள். அந்த இடத்தில் நீங்கள் நின்றுகொள்ளுங்கள். முக்கால் வயல் களை, ஆறே முக்கால் ரூபாய்க் கூலி மிச்சம். எதிரே மடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஒருத்தி பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

போடுங்கள்.