யூனுஸ் உட்கார்ந்த நாற்காலி

நீடாமங்கலம் ரயில்வே கேட்டை ஒட்டி ஹாஃபிஸா திறந்த சாப்பாட்டுக் கடைக்கு முதல் நாளே வந்து ஜன்னலோரம் உட்கார்ந்த அவள் கணவனின் அண்ணன் யூனுஸ், அந்த நாற்காலியை விட்டு இன்றுவரை எழுந்திருக்கவில்லை. வீம்பு என்றுதான் ஊர் முதலில் நினைத்தது. வீம்பு இல்லை, எழுந்திருக்க முடியவில்லை. மேட்டூரில் தண்ணீர் திறக்கத் தாமதமாகிக் குறுவை பொய்த்துப்போன வருஷம் அது. வைக்கோல் கட்டு யானை விலை விற்றது. ஆகவே ஒரு மனிதர் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டதைப் பற்றி ஊர் ஒரு வாரத்துக்கு மேல் பேசவில்லை.

யூனுஸுக்கும் ஹாஃபிஸாவுக்கும் இருந்த பகை அதைவிடப் பழையது. கேட்டை ஒட்டிய ஓட்டுக்கட்டடம் யூனுஸின் தம்பி ஃபாஜிலுக்கு அத்தா எழுதிவைத்தது. பின்னறையில் ஃபாஜில் பழைய சாக்கு வாங்கி விற்றான். அதிகம் பேசமாட்டான், சாக்குத் தூசியில் எப்போதும் இருமிக்கொண்டிருப்பான். முன்னறையில் யூனுஸ் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தார். தெருவுக்கு இரண்டு பேர் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டிருந்த அந்தத் தொண்ணூறுகளில், ஃபாஜிலின் மனைவி ஹாஃபிஸா துபாயில் ஒரு ஓட்டல் சமையலறைக்கு வேலைக்குப் போனாள். போகச் சொன்னதே ஃபாஜில்தான். அவள் கைச்சமையலை ஒரு ஊர் மட்டும் சாப்பிடுவது நியாயமில்லை என்று அவன் சொன்னதாகச் சொல்வார்கள். யூனுஸுக்கு அது பொறுக்கவில்லை. "ஊர்ல ஆம்பள வெளிநாட்டுக்குச் சபுர் போவான், பொம்பள காத்திருப்பா. நம்ம வீட்டுல மட்டும் தலைகீழா தொங்குது" என்று பூத்துக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். தம்பியோடு பேச்சை நிறுத்தினார். ஆனால் வெள்ளிக்கிழமை தோறும் ஹாஃபிஸாவின் போன் அவருடைய பூத்துக்குத்தான் வரும். தம்பியைக் கூப்பிட்டுவிட்டு வெளியே போய் நின்றுகொள்வார்.

ஒரு வெள்ளிக்கிழமை ஃபாஜில் கடைத்தெருவுக்குப் போயிருக்கிறான் என்றார். அடுத்த வெள்ளியும் அதையே சொன்னார். அதற்கடுத்த வெள்ளிகளில் மன்னார்குடி போயிருக்கிறான், கல்யாணத்துக்குப் போயிருக்கிறான், இப்போதுதான் தூங்கினான் என்றார். பருவம் மாறிச் சம்பா அறுப்பும் முடிந்தது. ஒருநாள் துபாயின் தேரா பஸ் நிறுத்தத்தில் நீடாமங்கலத்துக்காரர் ஒருவர் ஹாஃபிஸாவைப் பார்த்து, மனசைத் தேற்றிக்கொள்ளும்படி சொன்னார். எதற்கு என்று கேட்டாள். ஃபாஜில் மௌத்தாகி அடக்கமும் ஆகி, கணவனை இழந்தவளாக அவள் வீட்டோடு இத்தா இருக்கவேண்டிய காலம்கூட முடிந்துபோயிருந்தது. அன்று அவள் பஸ் ஏறி வேலைக்குப் போனாள். அதன்பிறகு பூத்துக்குப் போன் செய்யவில்லை. யூனுஸிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

ஊருக்கும் வரவில்லை. ஒரு ஓட்டலிலிருந்து இன்னொரு ஓட்டலுக்கு மாறி, பாத்திரம் கழுவுகிற இடத்திலிருந்து அடுப்புக்கும், அடுப்பிலிருந்து பெரிய சமையல்காரர் நிற்கிற இடத்துக்கும் நகர்ந்தாள். பார்த்தால் ஒன்றாகவும் தின்றால் வேறொன்றாகவும் இருக்கும் சாப்பாட்டை வெள்ளைக்காரர்களுக்குச் செய்து போட்டாள். எஸ்.டி.டி. பூத்துகள் ஒழிந்து எல்லோர் சட்டைப்பையிலும் போன் வந்தபிறகு திரும்பிவந்தாள். யூனுஸ் அப்போது அந்தக் கட்டடத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். கோர்ட்டுக்குப் போய் அவரை வெளியேற்றினாள். நடுச்சுவரை இடித்து இரண்டு அறையையும் ஒன்றாக்கி, வாசலில் 'கேட் மூடியிருக்கு' என்று பலகை மாட்டினாள். கடையின் பெயரே அதுதான். தஞ்சாவூரிலிருந்து வேளாங்கண்ணிக்கும் மன்னார்குடிக்கும் போகிற வண்டிகள் அந்தக் கேட்டில் நிற்கிற நேரத்தில் ஒரு பிள்ளை பிறந்து பெயரும் வைத்துவிடலாம் என்று ஊரில் கேலி உண்டு. காத்திருப்பவர்களுக்குப் பசிக்கும் என்று ஹாஃபிஸா கணக்குப் போட்டாள்.

அவள் கணக்குத் தப்பவில்லை. சமையலறையிலிருந்து மேசைகளுக்குத் தண்டவாளம் போட்டு, பொம்மைக் கூட்ஸ் வண்டியில் சாப்பாடு வந்தது. டபராவில் நுரை தளும்ப வருவது காபி என்று வாயில் வைத்தால் நண்டு சூப். நோன்புக் கஞ்சியை உறையவைத்து விரல் நீளத்துக்கு நறுக்கிப் பொரித்துக் கொடுத்தாள். புளிச்சோற்றை வெற்றிலையில் உருட்டி ஜப்பான்காரர்கள் சாப்பிடுவதுபோல் துண்டு போட்டாள். நாகூர்ப் பக்கத்து இறால் வாடாவுக்குள் சீஸ் வைத்தாள். தயிர்சாதத்தைக் குச்சி ஐஸாக்கித் திரவ நைட்ரஜன் புகைக்குள்ளிருந்து எடுத்து நீட்டினாள். நாகப்பட்டினத்திலிருந்து மீனும் நண்டும் கொண்டுவந்த நாகரத்தினம், கடலில் கணவனைப் பறிகொடுத்தவள், ஒருநாள் சமையலறையை எட்டிப் பார்த்து, "ஏங்க்கா, நல்லா இருக்கற சோத்த எதுக்கு இந்தப் பாடு படுத்துறீங்க?" என்று கேட்டாள். அடுத்த மாதம் அவளே அங்கே வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்.

திறப்பு நாளன்று யூனுஸ் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். கெடுப்பதற்கென்றே வந்தார். உள்ளே சாப்பாட்டுப் பலகையில் எழுதியிருந்த எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னார். எதையும் தொடவில்லை. ஒவ்வொரு தட்டையும் முகர்ந்து பார்த்து, பக்கத்து மேசைக்காரர்களுக்குக் கேட்கும்படி, "இது சாப்பாடா, வித்தையா? செத்த வீட்டுல சர்க்கஸ் நடத்துறா" என்றார். ஹாஃபிஸா சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்திருக்கப் பார்த்தார். நாற்காலி விடவில்லை.

நான்கு லோடுமேன்கள் வந்து நாற்காலியோடு தூக்கினார்கள். வாசற்படிவரை பஞ்சுபோல் வந்தது. அதற்கப்பால் ஒரு அங்குலமும் போகவில்லை. ஆசாரி கொண்டுவந்த ரம்பம் நாற்காலிக் காலில் பட்டதும் வாழைத்தண்டுபோல் மடங்கியது. தஞ்சாவூரிலிருந்து வந்த டாக்டர் பரிசோதித்துவிட்டு, உடம்பில் ஒரு குறையும் இல்லை, கழிப்பறைக்குப் போகவேண்டிய தேவை மட்டும் நின்றுபோயிருக்கிறது என்று சொல்லி, காத்திருந்த நேரத்தில் வெற்றிலைப் புளிச்சோறு சாப்பிட்டுப் போனார். பள்ளிவாசல் ஹஜ்ரத், உட்கார்ந்தே தொழ மார்க்கத்தில் இடமிருக்கிறது என்றார். யூனுஸின் மனைவி ஆமினா காலையில் வந்து ஈரத்துணியால் உடம்பு துடைத்துச் சட்டை மாற்றிவிடுவாள். மதியம் டிபன் கேரியரில் சோறு கொண்டுவருவாள். ஹாஃபிஸாவின் கடையில் உட்கார்ந்துகொண்டு, ஹாஃபிஸாவின் தண்ணீரைக்கூடத் தொடாமல், யூனுஸ் பருப்பும் ரசமும் சாப்பிட்டார்.

இருவரும் பேசிக்கொள்ளாமலே சண்டை போட்டார்கள். வருகிறவர்களை யூனுஸ் திட்டினார். கார் சாவியை மேசையில் வைக்கிறவர்களை, போட்டோ எடுத்துவிட்டுத் தின்கிறவர்களை, ஆறிப்போன தோசையைக் கையிலே சுருட்டிக் கொடுத்தால் அமெரிக்கச் சாப்பாடு என்று நம்புகிறவர்களைத் திட்டினார். "வேளாங்கண்ணிக்கு மொட்ட போடப் போறியா? போறதுக்கு முன்னாலேயே இவ போட்டு விட்டுட்டா பாரு" என்பார். ஹாஃபிஸா தண்டவாளத்தை அவர் மேசையைச் சுற்றி வளைத்துப் போட்டு, கூட்ஸ் வண்டி அவர் மூக்குக்குக் கீழே நிற்காமல் போகும்படி செய்தாள். அவர் தண்டவாளத்தைப் பிடுங்கி ஜன்னல் வழியே எறிந்தார். அவள் நைட்ரஜன் தொட்டியை அவர் காலடியில் வைத்தாள். கழுத்துவரை புகையில் மூழ்கித் தலை மட்டும் மேகத்தில் மிதக்க அவர் வசவைத் தொடர்ந்தார். கூட்டம் குறைந்தபாடில்லை. திட்டு வாங்குவதற்கென்றே திருச்சியிலிருந்து குடும்பமாக வந்தார்கள்.

இப்படியே வருஷங்கள் போயின. யூனுஸின் தாடி நரைத்தது. வாக்காளர் பட்டியலில் அவர் விலாசம் கடையின் கதவிலக்கத்துக்கு மாறியது. பிறகு சவூதியில் தமாமில் வேலை பார்க்கிற மகன் தௌபீக், பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அம்மாவை அழைத்தான். ஆமினா மேசையருகே வந்து, "நான் போறேங்க. உங்களோட சேந்து எனக்கும் உக்காந்து உக்காந்து மரத்துப்போச்சு" என்றாள். யூனுஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது அவள் ஒரு தயிர்சாதக் குச்சியை வாங்கிச் சப்பிக்கொண்டே ஆட்டோவில் ஏறினாள்.

கேரியர் நின்றது. சட்டை மாற்றிவிட ஒரு ஆளை ஏற்பாடு செய்திருந்தார்கள். சோற்றுக்குத்தான் வழியில்லை. கூட்டாளிகள் பரோட்டாவும் பிரியாணியும் பார்சல் வாங்கிவந்தார்கள். அவருடைய மேசையில் வைத்துப் பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே உமியோடு நெல் இருந்தது. நல்ல நெல்தான், பதரில்லாதது. சிட்டுக்குருவிகள் ஜன்னல் வழியாக வந்து தின்றன. யூனுஸ் வசவை நிறுத்தினார். கன்னம் ஒட்டியது.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை நேரத்தில் கடை மூடியிருந்தது. வெளியே ரயில்வே கேட்டும் மூடியிருந்தது. சமையலறையில் நாகரத்தினம் நண்டு உடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு நடந்ததை ஊருக்குச் சொன்னது அவள்தான். ஹாஃபிஸா பொரித்த கஞ்சித் துண்டுகள் ஒரு தட்டு எடுத்துக்கொண்டு போய் யூனுஸுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"அவருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள். துபாயிலிருந்து கடைசியாகப் பேசியதற்குப் பிறகு அவரிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது.

"மஞ்சக்காமாலை. ஊருக்கே தெரியுமே."

"எனக்கு நீங்க சொல்லுங்க, மச்சான்."

யூனுஸ் தட்டைப் பார்த்தார். பிறகு, சுவர் இடிக்கப்பட்ட இடத்தைக் கையால் காட்டினார். "அங்கதான் பாய் போட்டுப் படுத்திருந்தான். மணி அடிச்சா அவனுக்குக் கேக்கும். வெள்ளிக்கிழமைன்னா நீதான்னு தெரியும். ரிசீவர இங்க கொண்டாங்கண்ணேன்னான். வயர் எட்டல."

"அவரத் தூக்கிட்டு வந்திருக்கலாமே."

"தூக்கிட்டு வந்திருக்கலாம்."

"அப்ப, கடைத்தெருவுக்குப் போயிருக்கார்னு மொதல்ல சொன்னீங்களே..."

"அப்ப உசுரோட இருந்தான். நான் சொன்னது அவன் காதுலயும் விழுந்துச்சு." யூனுஸின் குரலில் இரக்கம் கேட்கிற தொனி இல்லை. யார் மீதோ இன்னும் கோபமாக இருப்பவர்போலச் சொன்னார். "உம்மேல ஆத்திரம். அவன்மேலயும்தான். ஒரு வாரம் ரெண்டு பேரும் தவிங்கடான்னு நெனச்சேன். அடுத்த வெள்ளிக்குள்ள போயிட்டான். அப்பறம் எந்த வாயால சொல்றது? நீ கேக்கக் கேக்க, அவன எங்கயாவது அனுப்பிக்கிட்டே இருந்தேன்."

ஹாஃபிஸா எழுந்து நின்றாள். "எந்திரிச்சு வெளிய போங்க" என்றாள்.

யூனுஸ் இரண்டு கையையும் மேசையில் ஊன்றினார். கழுத்து நரம்பு புடைக்க முயன்றார். இத்தனை வருஷத்தில் அவர் அவ்வளவு உண்மையாக முயன்றதை நாகரத்தினம் பார்த்ததில்லை. மேசை நகர்ந்தது; தண்டவாளம் கோணியது; நாற்காலி அசையவில்லை.

"போங்கன்னு சொல்றேன்!"

"முடியலம்மா" என்றார்.

கூட்ஸ் வண்டி ஒன்று கட்டடத்தை உலுக்கிக்கொண்டு நெல்மூட்டைகளோடு போயிற்று. அது போய் முடியும்வரை அவள் நின்றாள். பிறகு உட்கார்ந்து, அவரைப் பார்த்துக்கொண்டே, ஒவ்வொரு துண்டாக எடுத்துக் கடித்துத் தின்ன ஆரம்பித்தாள். அழவில்லை, பசித்தவள்போலவும் தின்னவில்லை. கேட் திறந்து வெளியே ஹாரன்கள் கிளம்பியபோது பாதித் தட்டு மீதி இருந்தது. அதை அவர் பக்கம் தள்ளினாள்.

"எங்கடையில யாரும் பட்டினியில சாகக்கூடாது. அவ்வளவுதான். நான் உங்கள மன்னிக்கல. மன்னிக்கவும் மாட்டேன்."

யூனுஸ் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். அது நெல்லாக மாறவில்லை. மென்று விழுங்கிவிட்டு, "உப்பு கம்மி" என்றார்.

"இருக்கட்டும்" என்று சொல்லி அவள் அடுப்புக்குப் போனாள்.

அன்றிலிருந்து அவருக்கு மூன்று வேளையும் அவள் சமையல்தான். ஜும்மா நேரத்தில் மட்டும் எதிரில் வந்து உட்கார்ந்து ஃபாஜிலைப் பற்றி ஒரு கேள்வி கேட்பாள்: கடைசியில் என்ன சாப்பிட்டான், அடக்கத்துக்கு முன் மையத்தை யார் குளிப்பாட்டினார்கள், மழை பெய்ததா. அவர் தெரிந்ததைச் சொல்வார். சில பதில்கள் கேட்கச் சகிக்காதவை. மற்ற நாட்களில் இருவரும் பேசுவதில்லை. பகை குறைந்துவிட்டதாக இருவருமே சொன்னதில்லை. யூனுஸ் மறுபடியும் வாடிக்கையாளர்களைத் திட்ட ஆரம்பித்தார். இப்போது ருசி தெரிந்து திட்டுவதால் வசவு கூர்மையாக இருக்கிறது என்று ஆட்கள் மெச்சுகிறார்கள். போன வருஷம் இருக்கைகளை எண்ண வந்த சுகாதார ஆய்வாளர் யூனுஸின் நாற்காலியையும் சேர்த்து எண்ணினார், யாரும் திருத்தவில்லை. கேட் மூடியிருக்கும்போது புதிதாக உள்ளே வருகிறவர்கள் சாப்பாட்டுப் பலகையில் எழுதியிருப்பது புரியாமல் விழித்தால், நாகரத்தினம் ஜன்னலோரத்தைக் காட்டுவாள். அவர்கள் போய், இங்கே எது நன்றாக இருக்காது என்று பெரியவரிடம் கேட்டுக்கொண்டு வந்து, அதையே ஒரு தட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள்.