பின்னால் வரும் சைக்கிள்

கார் சாமான் கடைக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஒன்று கேட்டால் மூன்று காட்டுவார்கள். தி.நகர் கரீமுல்லாவும் அப்படித்தான். காரில் சைக்கிள் ஏற்றிப் போக ஒரு கேரியர் வேண்டும் என்று டெரன்ஸ் கேட்டதும், கூரைமேல் மாட்டுவது, டிக்கியில் மாட்டுவது என்று தரையெல்லாம் பரப்பிவிட்டார்.

"மேல மாட்டுறதே குடுங்க," என்றார் டெரன்ஸ் அவசரமாக.

"வூடு எங்க சார்?"

"ராஜா அண்ணாமலைபுரம். அபார்ட்மெண்ட்."

"கார் அண்டர்கிரவுண்ட்லயா நிக்குது? அப்ப வேணாம் சார். மேல சைக்கிள் கீதுன்னு மறந்துட்டு உள்ள உட்டு, இடிச்சிக்கினு வந்தவங்க எத்தினியோ பேரு. உங்களுக்குப் பின்னாடி மாட்டுறதுதான் சரி."

பின்னால் மாட்டினால் கண்ணாடியில் தெரியும். டெரன்ஸுக்கு அதுதான் பயம். இதைக் கடைக்காரரிடம் எப்படிச் சொல்வது?

சைக்கிள் அவர் மனைவி லிண்டாவுடையது. ஞாயிறுதோறும் முதல் பூசை முடிந்த கையோடு இருவரும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குக் கிளம்பிவிடுவார்கள். அவர் முன்னால், அவள் பின்னால். பள்ளம் வந்தால் அவர் வலது கையைத் தாழ்த்திக் காட்டுவார். பார்த்துவிட்டேன் என்பதற்கு அவள் ஒரு மணி அடிப்பாள். பதினைந்து வருடம் பிசகாத ஏற்பாடு. போன வருடம் ஒரு ஞாயிறு, போன் அடிக்கிறதே என்று சட்டைப்பையைத் தடவினார். வந்த பள்ளத்துக்குக் கை காட்டவில்லை. மணியும் வரவில்லை. திரும்பிப் பார்த்தபோது லிண்டா தார்ச்சாலையில் அசையாமல் கிடந்தாள். அவள் போய்விட்டாள்; சைக்கிளில் ஒரு கீறல்கூட இல்லை. அந்த அநியாயத்தை அவரால் இன்னும் பொறுக்க முடியவில்லை.

அந்தச் சைக்கிளைத்தான் ஓட்டுவேன் என்று மகள் ஜாஸ்மின் ஒற்றைக்காலில் நின்றாள். ஊருக்குள் ஓட்ட விடமாட்டேன், ஆளில்லாத சாலைக்குக் காரில் கொண்டுபோய் இறக்குகிறேன் என்று ஒருவழியாகச் சம்மதித்திருந்தார்.

"பின்னாடியே மாட்டுங்கண்ணா," என்று கடைக்குக் கூட வந்திருந்த அவளே முடித்துவிட்டாள்.

வாசலில் சாய்த்திருந்த சைக்கிளைக் கரீமுல்லா ஏற்றி, சக்கரங்களைப் பட்டையால் இறுக்கினார். "கட்டலன்னா காத்துக்கு வீல் சுத்திக்கினே இருக்கும் சார்."

அடையாறு தாண்டும்வரை டெரன்ஸ் கண்ணாடிப் பக்கமே பார்க்கவில்லை. சிக்னலில் நின்றபோது கண் தானாகப் போய்விட்டது. முன்சக்கரம் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஓரங்கட்டி இறங்கிப் போய்ப் பட்டையை இழுத்துப் பார்த்தார். இறுக்கமாகத்தான் இருந்தது. திரும்பி வந்து காரை எடுத்தார்.

திருவான்மியூருக்கு அப்பால், யாரோ தோண்டி மூடாமல் விட்ட பள்ளம் ஒன்று முன்னால் தெரிந்தது. பிரேக்கை அழுத்திக் காரை ஊர விட்டார். வலது கை தானாக ஜன்னலுக்கு வெளியே போய்க் கீழ்நோக்கித் தாழ்ந்தது.

"யாருக்கு டாடி கை காட்டுறீங்க?"

பின்னால் சைக்கிள் மணி ஒரு தடவை அடித்தது.

"பள்ளத்துல குலுங்கியிருக்கும் டாடி," என்றாள் ஜாஸ்மின்.

டெரன்ஸ் கையை உள்ளே இழுக்காமல் அழுதுகொண்டிருந்தார். பள்ளத்துக்கு இன்னும் பத்தடி இருந்தது.