ஏட்டையாவின் பதினைந்து கிலோ

தளவாய் ஏட்டையா உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று வருஷங்கள் ஆகிவிட்டன. போலீஸ் புத்தி மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. ரசத்தில் உப்புக் கூடினால்கூட வீட்டில் விசாரணை நடக்கும். அப்பேர்ப்பட்ட மனுஷர் கையில், 'ஒரு ஆளுக்கு ஒரு பை, பையில் பதினைந்து கிலோ, அதற்கு மேல் குன்றிமணி கூடாது' என்று ஒரு சட்டத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன ஆகும்? அவர் மனைவி ஆவுடைத்தாயைக் கேட்டால் தெரியும்.

சட்டத்தைக் கொண்டுவந்தவர் வல்லிநாயகம் அண்ணாச்சி. ஐப்பசிக்கு ஐப்பசி தென்காசியிலிருந்து காசிக்கு ஆள் கூட்டிப் போகிறவர். அறுபத்து நாலாம் வருஷம், காசியோடு நிற்காமல் நேபாளத்துப் பசுபதிநாதரையும் காட்டிவிடுவது என்று துணிந்துவிட்டார். எல்லைவரை ரயில். எல்லைக்கு அந்தப் பக்கம் சிம்ரா என்ற ஊரிலிருந்து காட்மாண்டுவுக்கு அந்த நாட்டு உள்ளூர் விமானம். வில்லங்கமே அந்த விமானத்தில்தான்.

பெரிய தராசு இருக்கிறது என்பதால் மசூது பாய் மிளகாய் வற்றல் மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் கூட்டம் போட்டார்கள். தும்மலுக்கு நடுவே அண்ணாச்சி பேசினார்.

"சின்ன பிளேனு, கேட்டியளா? மலையைத் தாண்டணும். பாரம் கூடிச்சின்னா ஏத்த மாட்டான். ஸ்டவ் கூடாது, மண்ணெண்ணெய் கூடாது, ஊறுகாய் பரணி கூடாது. கம்பளி மட்டும் கட்டாயம் வேணும். அங்கன குளிரு நம்ம குத்தாலக் குளிரு இல்ல, எலும்பைத் தொடும்."

"உடுத்தியிருக்கதையும் நிறுப்பானா அண்ணாச்சி?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டு ரெங்கம்மாள்.

"அதை நிறுக்க மாட்டான்."

"அப்பம் நாலு சேலையைச் சுத்திக்கிட்டு வாரேன்."

கிட்டங்கியே சிரித்தது. ஏட்டையா சிரிக்கவில்லை. "அது சட்டத்தை ஏமாத்துத வேலைம்மா. தப்பு" என்றார். ரெங்கம்மாள் வாயை மூடிக்கொண்டாள். ஆனால் அதை மறக்கிற ஆள் இல்லை அவள்.

அன்று சாயங்காலமே வீட்டில் சோதனை ஆரம்பித்தது. ஆவுடைத்தாய் கட்டிய பையை ஏட்டையா அவிழ்த்துக் கொட்டினார். அரிவாள்மணை போயிற்று. புளி உருண்டை போயிற்று. அதற்கெல்லாம் அவள் முணுமுணுக்கக்கூட இல்லை. கடைசியில் அவர் கை ஒரு தாமிரச் செம்பின்மேல் போய் நின்றது.

காசிக்குப் போகிறவர்கள் கங்கைத் தண்ணீரைச் செம்பில் பிடித்து, வாயை ஈயத்தால் அடைத்து ஊருக்குக் கொண்டுவருவார்கள். இவள் அதைத் தலைகீழாகச் செய்திருந்தாள். சாரல் காலத்தில் குற்றாலத்து அருவியில் பிடித்து, ஈயம் வைத்து அடைத்து, காத்து வைத்திருந்த செம்பு அது.

அவர்களுடைய ஒரே மகன் மாடன் பட்டாளத்தில் இருந்தான். சீனாக்காரன் சண்டையில் இமயமலையில் மாசக்கணக்காக அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அப்போதுதான் ஆவுடைத்தாய் வேண்டிக்கொண்டாள்: 'பனிமலையில இருக்க ஈசுவரா, எம் பிள்ளையைத் திருப்பிக் குடு. குத்தாலத் தண்ணியைக் கொண்டாந்து உனக்குக் குடுக்கேன்.' கால்விரல் இரண்டைப் பனிக்குக் கொடுத்துவிட்டு மாடன் உயிரோடு வந்து சேர்ந்தான். கடன் அப்படியே நின்றது. பசுபதிநாதர் இருப்பதும் அந்த இமயமலையில்தானே.

"இது எதுக்கு?" என்றார் ஏட்டையா. "கங்கையையே தலையில வச்சிருக்கவனுக்குக் குத்தாலத் தண்ணியா?"

"கங்கையிலயா எம் பிள்ளை குளிச்சு வளந்தான்?"

 ஏட்டையா விடவில்லை. "ஒம் பையில எடம் இல்ல, ஆவுடை. எம் பையும் கம்பளியோட கணக்காப் பதினஞ்சு. சட்டம்னா சட்டம்."

"என் சேலையெல்லாத்தையும் எடுத்துருதேன்."

"ரெண்டே ரெண்டு சேலைதான் வச்சிருக்கே. உடுத்த துணியில்லாமலா சாமி கும்பிடுவே?"

செம்பைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு ஆவுடைத்தாய் அன்றோடு பேச்சை நிறுத்தினாள். போகாமலே இருந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. வெறுங்கையோடு அந்தச் சாமி முகத்தில் எப்படி விழிப்பது?

புறப்படுகிற அன்று காலையில் கட்டிலுக்கு அடியில் பச்சைக் கம்பளிச் சட்டை கிடந்ததைப் பார்த்தாள். மாடன் பட்டாளத்திலிருந்து அப்பாவுக்கென்று கொண்டுவந்தது. ஊருக்கெல்லாம் சட்டம் சொல்லுகிற மனுஷர் தன் கம்பளியை மறந்துவிட்டாரே! சொல்லலாம்தான். ஆனால் பேச்சு இல்லையே. வழிச்சாப்பாட்டு மூட்டையில் புளியோதரைக்கு அடியில் சட்டையைத் திணித்துக்கொண்டாள். கோபம் வேறு, குளிர் வேறு. அவளை முதலில் வண்டியில் ஏறச் சொல்லிவிட்டு, ஏட்டையா வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்தார்.

ரயிலில் மூன்றாம் மனுஷி மூலமாகத்தான் குடித்தனம் நடந்தது. "ரெங்கம்மா, அவுகளைக் காப்பி குடிக்கச் சொல்லு" என்பாள் இவள். "ரெங்கம்மா, அவளை வெயில் படாம உள்ள தள்ளி உக்காரச் சொல்லும்மா" என்பார் அவர். பாவம், காசி போய்ச் சேர்வதற்குள் ரெங்கம்மாளுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

எல்லைக்கு வந்தபோது சாப்பாட்டு மூட்டை காலி. ஏட்டையா குளிக்கப் போன சமயம், அவருடைய பைக் கயிற்றைத் தளர்த்தி, ஆவுடைத்தாய் கம்பளிச் சட்டையைப் பக்கவாட்டில் இறக்கினாள். உள்ளே ஏதோ கட்டியாகத் தட்டுப்பட்டது. சவரப்பெட்டியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு கயிற்றை இழுத்துக் கட்டினாள்.

சிம்ராவில் புல்வெளிதான் விமான நிலையம். தகரக் கொட்டகையில் ஒரு தராசு, அதற்கு ஒரு குமாஸ்தா. உச்சி வெயில். ஒவ்வொரு பையாக ஏறி இறங்கியது. ரெங்கம்மாள் பாஸ். ஆவுடைத்தாய் பாஸ். ஏட்டையா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தன் பையை வைத்தார். முள் பதினைந்தைத் தாண்டிப் போய் நின்றது.

"தராசு கோளாறு" என்றார் ஏட்டையா. குமாஸ்தா மறுபடி நிறுத்தான். முள் அதே இடத்தில் நின்றது. பையை அவிழ்க்கச் சொன்னான். அவரோ கயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டார். 

அடிப்பாவி, நம்மால்தானே இது என்று ஆவுடைத்தாய்க்குப் பதறியது. எத்தனை நாள் வைராக்கியம், அத்தனையும் போயிற்று. "நான்தாங்க வச்சேன், உங்க கம்பளி, மறந்துட்டியளேன்னு..." என்று சொல்லிக்கொண்டே அவர் கையை விலக்கிக் கயிற்றை அவிழ்த்தாள். கம்பளியை இழுத்தாள். கூடவே ஒரு வேட்டிச் சுருட்டு வெளியே வந்து பிரிந்தது. உள்ளே தாமிரச் செம்பு. வாயில் ஈயம்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏட்டையா, அந்தச் செம்பை இங்கன வச்சிட்டாச் சரியாப் போவும்" என்றார் வல்லிநாயகம் அண்ணாச்சி மெதுவாக.

"செம்பு வரும்" என்றார் ஏட்டையா.

கம்பளிச் சட்டையை அவள் கையிலிருந்து வாங்கினார். அந்த வெயிலில், அத்தனை பேர் பார்க்க, தலைவழியாக மாட்டிக்கொண்டு கழுத்துவரை இழுத்துவிட்டார். செம்பைத் திரும்ப வைத்துப் பையை நிறுத்தார்கள். பதினைந்து.

"ஏட்டையா, அது சட்டத்தை ஏமாத்துத வேலைலா?" என்றது கட்டிப்போன ஒரு தொண்டை. ரெங்கம்மாளேதான். குமாஸ்தாவுக்குத் தமிழ் தெரியாது, அவனும் சேர்ந்து சிரித்தான்.

விமானத்தில் ஏட்டையாவுக்கு வேர்த்து ஊற்றியது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றாள் ஆவுடைத்தாய்.

"சொன்னா, கம்பளி எங்கன்னு கேப்பே. கம்பளி இல்லைன்னு தெரிஞ்சா செம்பைத் தூக்கி வெளிய வச்சிருவே. ஒன்னைய எனக்குத் தெரியாதாட்டி?"

"பிள்ளையைப் பத்தித் தகவல் இல்லைன்னு நான் அழும்போதெல்லாம் கல்லு மாதிரிதானே இருந்திய. உங்களுக்கு இந்த வேண்டுதல்ல என்ன அக்கறை?"

ஏட்டையா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். விமானம் குலுங்கிக்கொண்டு எழும்பியது. வெளியே பார்த்துக்கொண்டே பேசினார்.

"ரெண்டு பேரும் அழுதா வீடு தாங்குமா? அவன் ஒனக்கு மட்டுமாட்டி பிள்ளை?"

 ஆவுடைத்தாய் முந்தானையை எடுத்து அவர் முகத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க ஈரம் வந்துகொண்டே இருந்தது. எல்லாம் வேர்வைதான் என்று அவள் நினைக்கவில்லை.