இடைவேளை வரை

முடிவை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இந்தக் கதையின் கடைசியில் மனைவி வீட்டைவிட்டுப் போய்விடுகிறாள். திரும்பி வருவதில்லை. அவளுக்கு வேறு யாரும் இல்லை, கணவனுக்கும் வேறு யாரும் இல்லை, திரைச்சீலைக்குப் பின்னால் யாரும் ஒளிந்து நிற்கவும் இல்லை. ஆகவே கடைசியில் என்ன ஆகுமோ என்று பதறாமல், நடப்பதை நடக்கிறபடி பார்க்கலாம். இந்த ஒரு வசதியைக் கணவன் எந்தப் படத்திலும் அனுபவித்ததில்லை. அதைக் கெடுத்ததும் அவனேதான்.

அவனுக்கு வாகனக் காப்பீட்டில் சர்வேயர் வேலை. பட்டறை முற்றத்தில் இடிபட்ட கார்கள் வரிசையாக நிற்கும். "நாய் குறுக்க வந்துச்சு, திருப்பினேன், மரத்துல மோதிட்டேன்" என்று வண்டிக்காரர் அழாத குறையாகச் சொல்வார். இவன் பதில் பேசாமல் குனிந்து, நசுங்கிய பம்பரின் மடிப்பை நகத்தால் சுரண்டுவான். நீலப் பெயிண்ட் துகள் உதிரும். நீலப் பெயிண்ட் அடித்த மரம் எந்த ஊரில் இருக்கிறது? அப்போது அவன் நாக்கு மேலண்ணத்தில் தட்டி "ட்ச்" என்று ஒரு சத்தம் எழுப்பும். அவனாக எழுப்புவதில்லை, தானாக வரும். பட்டறைக்காரர்களுக்கு அந்தச் சத்தம் அத்துப்படி. "போச்சு சார், பல்லி சொல்லிருச்சு" என்று வண்டிக்காரரிடம் சொல்லிவிட்டு ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுவார்கள்.

சோறு போட்ட குணம் சினிமாக் கொட்டகைக்கும் கூடவே வந்தது. போஸ்டரில் 'யாரும் எதிர்பாராத முடிவு' என்று போட்டிருந்தால் போதும், டிக்கெட் கிழிக்கும் இடத்திலேயே அவன் வேட்டையைத் தொடங்கிவிடுவான். கதாநாயகி அழுதால் அழுகையைப் பார்க்க மாட்டான், எதற்கு இவ்வளவு நேரம் அழவிடுகிறார்கள் என்று யோசிப்பான். படத்தில் ரொம்ப நல்லவராக ஒரு டாக்டர் வந்துவிட்டால் அவர் கதை அன்றோடு முடிந்தது. இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் "ட்ச்" வரும், அப்புறம் மனைவியின் காதில் ரகசியம் போகும். அலுவலகத்தில் அவனுக்கு 'இடைவேளை ஜோசியர்' என்று பெயர். சொன்னது பலித்தால் "இவ்வளவுதானா" என்று உதட்டைப் பிதுக்குவான். பலிக்காவிட்டால் "ஏமாத்திட்டான்" என்பான். திருப்பமே இல்லாவிட்டால் "உப்புச்சப்பில்லாம முடிச்சிட்டான், இதெல்லாம் ஒரு படமா" என்பான். எப்படிப் பார்த்தாலும் ஒரு படத்தைப் பார்த்த சந்தோஷம் அவனுக்கு வாய்க்கவில்லை.

மனைவிக்கு ஒரு கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கும் வேலை. நாள் முழுக்க வருகிறவர்களின் மூக்கின்மேல் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருப்பாள். ஊருக்கெல்லாம் தெளிவாகக் காட்டி அலுத்துப் போனதாலோ என்னவோ, சினிமாவில் மட்டும் அவளுக்கு எதுவும் முன்கூட்டித் தெரியக் கூடாது. இருட்டில் யார் வருகிறார்கள் என்று நடுங்க வேண்டும். கெட்டவனை நல்லவன் என்று கடைசிவரை நம்பி, பிறகு "அடப்பாவி" என்று வாயில் கைவைக்க வேண்டும். ஏமாறுவதற்காகவே டிக்கெட் எடுக்கிறவள் அவள். ஏமாந்துவிடக் கூடாது என்று எடுக்கிறவன் இவன்.

கல்யாணமான புதிதில் பார்த்த முதல் படத்தில், பாழடைந்த பங்களாவில் ஒரு கதவு மெதுவாகத் திறந்தபோது, அவள் சட்டென்று இவன் கையைப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிகிற பிடி. இவன் குனிந்து, "பயப்படாத, தோட்டக்காரன்தான்" என்றான். கடைசியில் தோட்டக்காரனேதான். "எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தாள். அந்தக் கேள்வியில் இவன் தலை கிறுகிறுத்துவிட்டது. அதை மறுபடி கேட்பதற்காகவே அடுத்த படத்திலும் சொன்னான், அதற்கடுத்த படத்திலும் சொன்னான். அவள் கேட்பதை எப்போது நிறுத்தினாள் என்பதை மட்டும் அவன் கவனிக்கவில்லை. கையைப் பிடிப்பதும் நின்றுபோயிருந்தது. யார் என்று தெரிந்த பிறகு பயம் எதற்கு, பயமில்லாதபோது கை எதற்கு?

ஒருநாள் கொட்டகை வாசலிலேயே நின்று கேட்டாள். "இன்னைக்கு ஒருநாள் எதுவும் சொல்லாதீங்க. தெரிஞ்சாலும் தெரியாத மாதிரி இருங்க."

"சரி, வாயே திறக்கல."

வாயைத் திறக்கவும் இல்லை. ஆனால் படம் சூடு பிடிக்கிற நேரத்தில் நாக்கு தன் வேலையைக் காட்டியது. ட்ச். அவள் நிமிர்ந்து பார்த்தாள், திரையில் அப்போது டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான், அவளுக்குப் படம் முடிந்துவிட்டது.

"வாயால சொன்னாதான் சொன்னதா?" என்று திரும்பி வரும்போது கேட்டாள்.

அவன் சிரித்தான். அன்று சிரிக்காமல் இருந்திருக்கலாம்.

அதற்குப் பிறகு அவள் படத்துக்கு வருவதைக் குறைத்துக்கொண்டாள். தலைவலி என்பாள், துணி துவைக்க வேண்டும் என்பாள். அவனும் வற்புறுத்தவில்லை. வாரத்தில் ஒருநாள், புதன்கிழமை, கடையில் கூட்டம் அதிகம் என்று அவள் தாமதமாக வருவது வழக்கமானது.

ஒரு புதன்கிழமை மதியம், யாரோ இடித்துவிட்டுப் போன வேன் ஒன்றைப் பார்க்க அவள் கடைத்தெருவுக்கே போகும்படி ஆயிற்று. கண்ணாடிக் கடையின் ஷட்டர் இறங்கியிருந்தது. பக்கத்துக் கடைக்காரர், "புதன்கிழமை மத்தியானத்தோட மூடிருவாங்களே, ரொம்ப நாளா அப்படித்தான்" என்றார். அன்று சாயங்காலம் அவள் வந்ததும் சாதாரணமாகக் கேட்டான். "கடையில கூட்டமா?"

"ஆமாங்க, நிக்க நேரமில்ல."

ட்ச்.

கேட்டிருக்கலாம். "ஷட்டர் இறங்கியிருந்துச்சே, எங்க போயிருந்த?" என்று ஒரு வார்த்தை. வீட்டுக்குள் இரண்டே பேர், கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். ஆனால் நேரடியாகக் கேட்டுத் தெரிந்துகொள்வது அவன் தொழிலிலேயே கிடையாது. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். புதன்கிழமை அவள் நல்ல தோடு போட்டுக்கொண்டு போகிறாள். இரவில் பசிக்கவில்லை என்கிறாள். பாத்திரம் கழுவும்போது முணுமுணுவென்று பாடுகிறாள். விரலில் உப்பும் வெண்ணெயும் கலந்த வாசனை, யாருடனோ உட்கார்ந்து எதையோ சாப்பிட்டிருக்கிறாள். கடைக்கு லென்ஸ் கொண்டுவருகிற ஆள் ஒருவர் உண்டு, அவள் பேச்சில் இரண்டு முறை வந்திருக்கிறார், நல்ல மனிதர் என்று வேறு சொல்லியிருக்கிறாள். நல்லவர் என்றாலே இவனுக்கு ஆகாது. முடிச்சு அவிழ்ந்துவிட்டது, இனி கடைசிக் காட்சிதான் பாக்கி என்று நினைத்துக்கொண்டான்.

அடுத்த புதன்கிழமை லீவு போட்டுவிட்டு அவளைப் பின்தொடர்ந்தான். அவள் கடையிலிருந்து இறங்கி, இரண்டு தெரு நடந்து, ஒரு பழைய கொட்டகையில் டிக்கெட் எடுத்தாள். ஒரே ஒரு டிக்கெட். அந்த ஆள் உள்ளே காத்திருப்பான் என்று இவனும் எடுத்துக்கொண்டு, விளக்கு அணைந்தபின் நுழைந்து, அவளுக்கு மூன்று வரிசை பின்னால் உட்கார்ந்தான். வாழ்க்கையில் முதல்முறையாகக் கொட்டகையில் அவனுக்குப் பயமாக இருந்தது. நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான்.

அவள் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. காலியாகவே இருந்தது. மடியில் ஒரு பொட்டலம் பாப்கார்ன். திரையில் யாரோ இருட்டில் நடந்தபோது அவள் கால்களைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டாள். பூனை ஒன்று குதித்ததற்கு "அய்யோ" என்று கத்தி, பிறகு தன்னைப் பார்த்துத் தானே சிரித்தாள். அவள் அப்படிச் சிரிப்பாள் என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது. படம் முழுக்க அவளையே பார்த்துக்கொண்டிருக்க நினைத்தான். ஆனால் கண் ஒருமுறை திரைக்குப் போனது. ஒரு பாட்டியம்மா சாவிக்கொத்தை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றினாள். நாக்கு சும்மா இருக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் இடைவேளை விட்டார்கள். முன்வரிசையில் கல்லூரிப் பிள்ளைகள், "டேய், அந்தத் தம்பிதான்டா" என்று சத்தமாகப் பந்தயம் கட்டினார்கள். அவள் இரண்டு கையாலும் காதை இறுக்கப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டாள். சின்னக் குழந்தை இடிச் சத்தத்துக்குப் பொத்திக்கொள்வதுபோல. அவன் எழுந்து வெளியே வந்துவிட்டான்.

முதலில் நிம்மதியாக இருந்தது. யாரும் இல்லை, யாருமே இல்லை என்று சொல்லிக்கொண்டே நடந்தான். தெருமுனை திரும்பும்போது அந்த நிம்மதி போய்விட்டது. ஒருத்தன் இருந்திருந்தால் அவனைத் திட்டியிருக்கலாம். இங்கே திட்டுவதற்கு ஆளில்லை. தன்னிடமிருந்து தப்பித்து, ஒரு காலி நாற்காலிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் சந்தோஷமாக இருக்கிறாள்.

அவள் வழக்கமான நேரத்துக்கு வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, அவன் எதிரிலேயே கொஞ்ச நேரம் நின்றாள். "இன்னைக்கு வேலை எப்படி இருந்துச்சு?"

"எப்பவும் போலத்தான்" என்றான்.

அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். மறுநாளும் அதையே கேட்டாள், அதற்கடுத்த நாளும் கேட்டாள். அவனும் அதையே சொன்னான். சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு நுனிவரை வந்தது, வெட்கம் தடுத்தது. ஊரார் முடிச்சையெல்லாம் கேட்காமலே அவிழ்த்த வாய், சொல்லவேண்டிய ஒன்றை மட்டும் முழுங்கிக்கொண்டது. அதற்குப் பதிலாக ஒரு யோசனை செய்தான். சனிக்கிழமைக்கு இரண்டு டிக்கெட் எடுத்துவந்து, "உனக்குப் பிடிச்ச மாதிரி பயங்கரப் படமாம், வா போகலாம்" என்றான். அவள் டிக்கெட்டை ரொம்ப நேரம் பார்த்தாள். "சரி, வரேன்" என்றாள்.

அன்று அவன் பட்ட பாடு யாரும் பட்டிருக்க மாட்டார்கள். நாக்கைப் பல்லுக்கு நடுவில் வைத்துக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு காட்சியில் அலமாரிக் கதவு தானாகத் திறந்தது. அவள் அவன் கையைப் பிடித்தாள். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு, அதே நகம் பதிகிற பிடி. அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தான். கொஞ்ச நேரம் கழித்து அவள் கையை மெதுவாக எடுத்துக்கொண்டாள்.

இடைவேளை விளக்குப் போட்டார்கள். மற்றவர்கள் எழுந்து வெளியே போனார்கள்.

"யாருன்னு தெரிஞ்சிருச்சா?" என்று கேட்டாள்.

"தெரியல. நிஜமாத் தெரியல."

"நாக்குல ரத்தம் வருது பாருங்க" என்று கைக்குட்டையைக் கொடுத்தாள். பிறகு திரையைப் பார்த்தபடியே சொன்னாள். "புதன்கிழமை நான் காதைப் பொத்துனேன்ல, அது அந்தப் பசங்களுக்காக இல்ல."

அவனுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்தபின் கைக்குட்டையைக் கீழே இறக்கினான்.

"இத்தனை வருஷம் காதுகிட்ட கேட்ட சத்தம், மூணு வரிசை தள்ளி வந்தா தெரியாதா? முதல்ல, நமக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சு, தனியா வந்தாக்கூட அந்தச் சத்தம் விடமாட்டேங்குதுன்னு நெனச்சேன். எந்திரிச்சுப் போனீங்கள்ல, அப்பதான் பார்த்தேன்." குரல் உயரவே இல்லை. "என் பக்கத்து சீட்டுல யாரை உக்கார வச்சிருந்தீங்க?"

அவன் பொய் சொல்லவில்லை. "லென்ஸ் கொண்டுவருவாரே, அவரை."

"அவருக்குப் பேத்தி இருக்குங்க" என்று சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே உடைந்து அழுகையானது. சத்தமில்லாமல் அழுதாள்.

"தப்புதான். இனிமே..."

"சந்தேகப்பட்டதுகூடப் போகட்டும். நானும்தான் பொய் சொன்னேன், கூட்டம்னு. உங்ககிட்ட சொல்லிட்டுப் போயிருக்கலாம், சொன்னா நீங்களும் வருவீங்கன்னு பயந்தேன். அன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்ல, வேலை எப்படி இருந்துச்சுன்னு. மூணு நாளும் கேட்டேன். 'பின்னாடிதான் உக்காந்திருந்தேன், மன்னிச்சிரு'ன்னு நீங்களா சொல்வீங்களான்னு பார்த்தேன். அது ஒண்ணுலதான் எனக்கு முடிவு தெரியாம இருந்துச்சு. ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. ஒருவேளை சொல்லிருவாரோன்னு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க டிக்கெட் வாங்கிட்டு வந்து நிக்கிறீங்க."

பாப்கார்ன் பொட்டலங்களோடு ஆட்கள் திரும்பி வரத் தொடங்கினார்கள். "வாங்க, போகலாம்" என்று எழுந்தாள். பாதிப் படத்தில் இருவரும் சேர்ந்து எழுந்து வருவது அதுதான் முதல் தடவை.

மறுவாரம் ஒரு பெட்டியோடு அவள் அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். சண்டை இல்லை, சாபம் இல்லை. தண்ணீர்க் குழாயை இறுக்கி மூடவேண்டும், இல்லாவிட்டால் சொட்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவன் ஜன்னலில் நின்றான். எத்தனை படத்தில் பார்த்திருக்கிறான், தெருமுனையில் வண்டி நிற்கும், கதவு திறக்கும், ஒரு கால் கீழே இறங்கும். டாக்ஸி தெருமுனையில் நிற்கத்தான் செய்தது. எதிரில் ஒரு லாரி வந்தது, டாக்ஸி அதற்கு வழிவிட்டது, முனை திரும்பிப் போய்விட்டது. அவன் அங்கேயே நின்றான். வாழ்நாள் முழுக்க எல்லாப் படத்திலும் தேடிய திருப்பம், அவனுக்கு வேண்டிய அன்று வரவில்லை. உப்புச்சப்பில்லாமல் முடிந்தது.

அக்கா எப்போதாவது போனில் பேசுவாள். "அவ நல்லா இருக்கா மாப்பிள்ளை. நீங்க நேரத்துக்குச் சாப்பிடுறீங்களா?" என்பாள். அவன் சாப்பிடுகிறேன் என்பான். பட்டறையில் இப்போது பல்லி சொல்வதில்லை. பம்பரைச் சுரண்டுகிறான், பார்க்கிறான், வண்டிக்காரரிடமே "என்ன நடந்துச்சு, நீங்களே சொல்லுங்க" என்று கேட்கிறான். பாதிப்பேர் சொல்லிவிடுகிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் டிவியில், அன்று பாதியில் எழுந்து வந்த அந்தப் படத்தைப் போட்டார்கள். அலுவலகத்தில் எல்லாரும் பார்த்த படம்தான். யாராவது அதன் முடிவைப் பேச வந்தால் அவன் எழுந்து வெளியே போய்விடுவான். சோபாவில் ஓர் ஓரமாக உட்கார்ந்து பார்த்தான். முதல்முறையாக எதையும் தேடாமல் பார்த்தான், நன்றாகவே இருந்தது. அலமாரிக் கதவு திறக்கிற காட்சி வந்தபோது கையைப் பக்கத்தில் வைத்தான். அந்த இடம் சில்லென்று இருந்தது. 'இடைவேளை' என்று எழுத்து வந்ததும் டிவியை அணைத்துவிட்டான். அதுவரைதான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, எழுந்து போய் இறுக்கி மூடினான்.